பாண்டிச்சேரிக்குப் போன கட்டுச்சோறு

— ஏட்டி ஞானசெல்வி, இந்த ராயபுரம் தோணித்துறையில வண்டியை விட்டு இன்னும் எத்தனை தூக்குச்சட்டிதான் இறக்குவ? நான் மூணு நாள் தோணியில உல்லாசமாப் போயிட்டு வரப்போறேன். நீ கல்யாண வீட்டுக்குக் கணக்கால்லா கட்டியிருக்க!

— நீங்கதானே சொன்னிய, பாண்டிச்சேரியில பச்சைத்தண்ணிகூட வாயில வைக்கமாட்டேன்னு.

— பின்னே? அது பிரெஞ்சுக்காரன் ஊருட்டி. தவளையைப் பொரிச்சுத் திங்கிறவன். அவன் சட்டியில பொங்குன சோத்தை இந்தச் சண்முகவேல் தொடுவானா?

— அவன் ஆக்குற சோறுதான் ஆகாது. அவன் ஊத்திக் கொடுக்கிறது மட்டும் ஆகுமாக்கும்.

— வாயை மூடு. நான் கடல் காத்து வாங்கப் போறேன்.

— ஆமா, மெட்ராஸ்ல மதுவிலக்கு வந்ததுல இருந்து பாண்டிச்சேரியில காத்தைப் போத்தல்ல அடைச்சுல்லா விக்கானாம்.

— உன் நக்கலை அப்புறம் வச்சுக்க. அரிசி எங்க?

— எல்லாத்துக்கும் அடியில, சாக்குப்பையில. நீங்க சொன்னபடி அஞ்சு படி.

— மெதுவாச் சொல்லு! ரேஷன் காலத்துல அரிசி எல்லை தாண்டுதுன்னு தெரிஞ்சா கம்பி எண்ணணும்.

— என்னங்க, நானும் வாரேனே. காலடிப்பேட்டைக்கு வாக்கப்பட்டு ஒம்பது வருசமாச்சு. கடலைக் கரையில நின்னுதான் பாத்திருக்கேன்.

— இடம் எங்கட்டி இருக்கு? உசேன் தோணியில ரெண்டு பேரை ஏத்தத்தான் அனுமதி. அவன் பொண்டாட்டி அஜீசுன்னிசா தாய் வீட்டுக்குப் போறா, ஏறி உக்காந்தாச்சு. மிச்சம் ஒரு இடம். அது எனக்கு.

— மூணு நாளா அடுப்படியில வெந்தவ நான்.

— அதுக்கு? சமைச்சவ எல்லாம் ஊர் சுத்தக் கிளம்பினா வீட்டை யாரு பாக்கிறது? பேசாம நில்லு, சுங்கத்து ஆள் வாரான்.

— இன்னா மொதலாளி, ராயபுரத்தையே காலி பண்ணிகினு போறியா? இன்னா கீது இதுல?

— வாங்க தமீம் பாய். எல்லாம் வழிச்சாப்பாடுதான்.

— இத்த வச்சிகினு ரங்கூன் வரிக்கும் போலாம் போலகீதே! இது இன்னா?

— புளியோதரை. அது கருவாட்டுத் தொக்கு. அந்த டப்பாவுல எள்ளுருண்டை.

— அடியில ஒரு சாக்கு கீதே?

— அது... அது வந்து...

— இன்னா மொதலாளி, வாடைக் காத்துல வேர்த்து ஊத்துது உனக்கு? தொட்டா அரிசி மாரி கீது. யார்து இந்த சாமான்?

— எனக்கு ஒண்ணும் தெரியாது பாய்! எல்லாம் இவ கட்டினது. இதுல ஒரு தூக்குகூட என்னுது இல்ல.

— அக்கா, நீ இன்னா சொல்றே?

— அவுக சொன்னாச் சரிதான் அண்ணே. எல்லாம் என் சாமான்.

— கேட்டியளா பாய்? அவளே ஒத்துக்கிட்டா! ஜெயிலோ அபராதமோ, அவளோட வச்சுக்கிடுங்க. நான் வெறுங்கையோட வந்தவன்.

— அப்ப இந்தச் சீட்டுல கையெழுத்து போடு. எல்லா சாமானும் ஞானசெல்வியோடதுன்னு எழுதிகீறேன்.

— ஒண்ணு என்ன, ரெண்டு கையெழுத்தாப் போடுதேன்.

— அக்கா, சாக்கை அவுறு.

— கையை விட்டே பாருங்க அண்ணே.

— அட, அவலு!

— அவலா? ஏட்டி, அரிசின்னுல்லா...

— அரிசியா? இன்னா அரிசி மொதலாளி?

— ஒண்ணுமில்ல பாய். அவல்னா ரொம்ப நல்லதாப் போச்சு. காத்து மாறுறதுக்குள்ள நான் ஏறுதேன்.

— நீ எங்க ஏர்றே? கட்டுச்சோறு எல்லை தாண்டணும்னா, சோத்துக்குச் சொந்தக்காரங்க கூடவே போவணும். அதான் சட்டம். சீட்டுல அக்கா பேரு கீது, கீழ உன் கையெழுத்து கீது. அக்கா, நீ ஏறு.

— பாய், அந்தச் சீட்டைக் கிழிங்க! எல்லாம் என் சாமான்தான்!

— கிழிக்கலாம். அப்பால நீ அரிசின்னு சொன்னதையும் பெரிய தொரைகிட்ட சொல்லணும். சொல்லவா?

— வேண்டாம், வேண்டாம்! ஏட்டி, இறங்கு! உசேன், கயித்தை அவுக்காதப்பா! ஞானசெல்வி, மூணு நாளைக்கு நான் என்னத்தைத் திங்க?

— அஞ்சு படி அரிசி அப்படியே வீட்டுல இருக்கு! பொங்கித் தின்னுங்க!

— திரும்பிக்கூடப் பாக்காமப் போறாளே பாவி... ஏன் பாய், சோத்துக்குச் சொந்தக்காரங்க கூடவே போகணும்னு இந்தச் சட்டம் எப்ப வந்துச்சு?

— நேத்து சாயங்காலந்தான் மொதலாளி. அக்கா ஒரு டப்பா முறுக்கோட வந்து போட்டுட்டுப் போச்சு.