பாதி மலையில் இறங்கிய பூக்காவடி

தலைமை வேதியியலராய்ப் பணி நிறைவு பெறும் திருமதி சுலோச்சனா அம்மையார் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் உளமுருகி வாசித்தளிக்கும் மடல்

ஆழத்துச் சுடுநீரை அவரைக்கொடிக்கும் ஆகும் நீராக்கிய அறிவுச்செல்வியே! நிலையத்தின் நிதானமே! நாங்கள் நித்தம் அஞ்சிய, நெஞ்சார நேசித்த தலைவியே! வணக்கம்.

பூமிக்கடியிலிருந்து ஆவி பறக்க வரும் நம் கிணற்று நீரில் போரான் மிகுதி. அப்படியே பாய்ச்சினால் இலையோரம் தீய்ந்து கொடி கருகும். அந்நீரை ஆறவைத்து, ரெசின் மணிகள் நிறைந்த உருளைகளின் வழியே செலுத்திப் போரானைப் பிடித்து நிறுத்தும் பெரும்பணியைப் பொறுமையோடும் பொறுப்போடும் பேணி வளர்த்தீர்கள். மணிகள் களைத்ததும் அமிலத்தால் கழுவி, பின்பு காஸ்டிக் சோடாவால் கழுவ வேண்டும். இரண்டாம் கழுவல் தவறினால் மணிகள் போரானைப் பிடிக்காது, நீரிலும் அமிலம் மிஞ்சும். அதனாலன்றோ "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும் முன்பே "கழுவியாச்சா?" என்று கேட்டீர்கள்! வீட்டுக்கு விருந்துக்கு அழைத்த அன்றும் வாசலில் அதே கேள்விதான்.

அப்படிப்பட்ட நீங்களே ஒரு முறை மறந்தீர்கள். ஓர் ஆடிக் கிருத்திகையன்று, நோயில் கிடந்த மகள் பிழைக்க நேர்ந்துகொண்ட பூக்காவடியோடு மலையேறும் அவசரத்தில், இரண்டாம் கழுவலை விட்டு வால்வைத் திறந்துவிட்டீர்கள். நிலையத்தில் வேறு ஆளில்லை, நாங்களும் மலையில்தான். பாதிப் படியில் நினைவு வந்ததும், காவடியை உங்கள் தங்கை கல்பனாவின் தோளுக்கு மாற்றிவிட்டு, மஞ்சள் புடவையோடு ஓடிவந்து வால்வை அடைத்தீர்கள். அந்நீர் முதலில் பாயும் மணியம்மையின் தோட்டத்துக்கு நேரே சென்று, பிழை உங்களுடையது என்றீர்கள். ஒரு பாத்தி அவரை வாடித்தான் போயிற்று. அந்த விவசாயப் பெண்மணியோ உங்களைத்தான் கடிந்துகொண்டார்: "கொடி போனா நட்டுக்கலாம்மா. சாமியக் கூட பாக்காம வந்துகினு இருக்கியே, உன் வேண்டுதலுக்கு இன்னா பண்ணுவ?"

அதன்பின் ஒவ்வோர் ஆடிக் கிருத்திகைக்கும் எங்களை மலைக்கு அனுப்பிவிட்டு, நிலையத்தைத் தனியே காத்தீர்கள். நாங்கள் கொண்டுவந்து நீட்டிய விபூதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதோடு சரி. எங்கள் வேண்டுதல்களெல்லாம் உங்கள் தயவில் நிறைவேறின அம்மா. நன்றி என்ற சொல் போதவில்லை.

தணிகைவேலன் அருளால் உடல்நலமும் உளநிறைவும் பெருக, நெடிது வாழ்க! வரும் ஆடிக் கிருத்திகைக்குத் தன் தோட்டத்து மல்லியால் காவடி கட்டித் தருவதாக மணியம்மை சொல்லிவிட்டார். அன்று நிலையத்தில் நாங்கள் இருப்போம். பாதிப் படியில் நின்று எங்களை நினைக்காதீர்கள்.

கழுவியாச்சு, அம்மா. நீங்கள் ஏறுங்கள்.

என்றும் உங்கள் அன்பில் நனைந்த,
நிலையப் பணியாளர்கள்,
பள்ளிப்பட்டுச் சாலை, திருத்தணி