கானா விமானப்படையும் ஒரு கார்ப்போரலின் கையெழுத்தும்

அவைக்குத் தலைமை ஏற்று, கைப்பிடி உள்ள ஒரே நாற்காலியிலும் அமர்ந்திருக்கும் எங்கள் கம்பெனியின் பர்சனல் மேனேஜர், மதிப்பிற்குரிய திரு. கோபாலசாமி அவர்களே! மணியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாயையே கவனித்துக்கொண்டிருக்கும் மன்றச் செயலாளர் திரு. ரகுநாதன் அவர்களே! ஈசா டவுன் வீடுகளிலிருந்து பலகாரத் தூக்குகளோடு வந்து முன்வரிசையை மணக்க வைத்திருக்கும் தாய்மார்களே! தொழிலாளர் கேம்ப்பிலிருந்து லாரியில் நின்றபடி வந்து, இங்கேயும் பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கும் என் தோழர்களே! இருக்கை கிடைத்தவர்களுக்கும் இருக்கை கிடைக்காதவர்களுக்கும் ஸ்டோர்கீப்பர் சேதுமாதவனின் வணக்கம்.

நம் மன்றத்தின் வெள்ளிக்கிழமைப் பேச்சுப் போட்டிக்கு இரண்டு விதிகள் உண்டு. பால்பவுடர் டின்னில் போட்டுக் குலுக்கிய சீட்டில் என்ன தலைப்பு வருகிறதோ அதைத்தான் பேச வேண்டும். கம்பெனி விஷயம், கட்டட சைட் விஷயம் மேடைக்கு வரக் கூடாது. நல்ல விதிகள். எனக்கு முன்னால் பேசியவருக்குத் 'தாய்மை' கிடைத்தது. அதற்கும் முன்னால் பேசியவருக்குத் 'தேனீ' கிடைத்தது. எனக்குக் கிடைத்த சீட்டைப் பாருங்கள்: 'மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றின் விமானப்படை, அதன் வரலாறும் தலைமை அமைப்பும்.' டின் நிரம்பவில்லை என்று செயலாளர் தம் கலைக்களஞ்சியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து எழுதிய தலைப்பு இது. நான் கண்ட ஒரே விமானப்படை, இந்த வளைகுடாவில் நான் வந்திறங்கிய அன்று முஹரக் ஏர்போர்ட்டில் என் தகரப்பெட்டியைப் பத்தடி தூரம் பறக்கவிட்ட படைதான்!

என்ன நாகலிங்கம் அண்ணே? “எலேய், அப்ப எறங்கி வா, சாப்பாட்டுக்கு நேரமாச்சு” என்கிறீர்களா? இறங்க மாட்டேன். ஆகாயம் என்று சீட்டு வந்துவிட்டது. ஆகாயத்திலேயே இருப்பேன். ஏழு மாடிக் கட்டடத்தில் ஆளேற்றும் ஹாயிஸ்டின் இரும்புக் கயிறு பிய்ந்திருக்கிறது, இதில் ஆள் ஏற்ற மாட்டேன் என்று செவ்வாய்க்கிழமை காலையில் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாரே அதை ஓட்டும் நம் கார்மேகம் அண்ணன், அவரை அந்தக் குற்றத்துக்காக நாளை மாலை விமானத்தில் ஊருக்கு அனுப்பப் போகிறார்களே, அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை!

மணி அடிக்காதீர்கள் ஐயா, பேசப் போவதில்லை என்றுதானே சொன்னேன்?

கானா! கடலோரத்துக் கானா! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் விடுதலை பெற்ற கானா! இரண்டே ஆண்டுகளில், ஐம்பத்தொன்பதில், தனக்கென ஒரு விமானப்படையைத் தொடங்கியது. தொடங்கியவர்களுக்குத் துணை நின்றவர்கள் யார்? வானத்திலிருந்து வந்த தேவர்களா? இல்லை. இந்தியாவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் போன ஆசிரியர்கள்! அவர்கள் ஓட்டிப் பழகிய முதல் விமானங்கள் எங்கே பிறந்தவை? இலண்டனிலா? இல்லை. பாரிசிலா? இல்லை. நம் பெங்களூரில்! பின்னால் பிரிட்டிஷார் வந்தார்கள், பெரிய விமானங்கள் வந்தன, அக்ராவிலும் தகோராடியிலும் தளங்கள் வளர்ந்தன. ஆனால் அந்தப் பிள்ளைகள் முதன்முதலில் மண்ணை விட்டு எழும்பியது பெங்களூர் இறக்கையில். கை தட்டலாம், இதில் கம்பெனிக்கு ஆட்சேபம் இருக்காது.

இனி தலைமை அமைப்பு. உச்சியில் அரசாங்கத் தலைவர். அவருக்குக் கீழே முப்படைகளுக்கும் பொதுவான தலைவர். அவருக்குக் கீழே விமானப்படைத் தளபதி. அவருக்குக் கீழே தளத்துக்கு ஒரு அதிகாரி. அப்புறம் ஸ்குவாட்ரனுக்கு ஒருவர், ஃபிளைட்டுக்கு ஒருவர், சார்ஜென்ட், கார்ப்போரல், கடைசியில் துடைப்பம் பிடிக்கிற ஏர்மேன். மேலே போகப் போகத் தொப்பியில் தங்கம் கூடும். கீழே வர வரக் கையில் கிரீஸ் கூடும். உத்தரவு எப்போதும் மேலிருந்து கீழே வரும். வியர்வை மட்டும் மேலே போகாது. இதில் என்ன புதுமை, இதை நாங்கள் தினமும் பார்க்கிறோமே என்று பின்வரிசையில் முணுமுணுக்கிறீர்கள். பொறுங்கள். புதுமை இருக்கிறது.

அந்தப் புதுமையைச் சொன்னவர் நம் பத்மநாபன் அண்ணாச்சி. மூன்றாம் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். கேம்ப்பில் ஏசி ரிப்பேர் பார்க்கும் அந்த நாகர்கோவில்காரர், ஒரு காலத்தில் இந்திய விமானப்படையின் ஃபிட்டர். கானாவுக்கு இரண்டு ஆண்டுகள் கடன் கொடுக்கப்பட்டவர். சீட்டை எடுத்துக்கொண்டு நான் கேம்ப் முழுக்கப் புலம்பித் திரிந்தபோது, மனிதர் ஏணியிலிருந்து இறங்கி, “எதுக்குடே ஒப்பாரி? நான் அங்க ரெண்டு வருசம் இருந்தவன்லா” என்றார்.

அவர் சொன்ன கதை இது. அக்ராவில் ஒரு காலை. பெரிய அதிகாரி ஒருவர் தகோராடிக்குப் பறக்க வேண்டும். அங்கே அணிவகுப்பு, வாத்தியம், விருந்து. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை. மேசை மேல் ஒரு படிவம். விமானத்தைச் சோதித்தவன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானி போடுவார். இரண்டும் விழாமல் சக்கரம் உருளாது. அன்று சோதித்தவன் குவாபெனா என்ற கார்ப்போரல். அண்ணாச்சியிடம் தொழில் கற்றவன். இறக்கையின் கீல் ஒன்றில் போல்ட் வெடித்து விரிசல் விட்டிருக்கிறது என்று பேனாவை மூடி வைத்துவிட்டான்.

சார்ஜென்ட் வந்தார். “போடு” என்றார். மாட்டேன். ஃபிளைட் அதிகாரி வந்தார். “போடு” என்றார். மாட்டேன். ஸ்குவாட்ரன் அதிகாரி வந்தார், தளத்தின் அதிகாரி வந்தார், தலைமை அமைப்பு முழுவதும் படிப்படியாக இறங்கி அந்தச் சின்ன மேசையைச் சுற்றி நின்றது! கடைசியில் வெள்ளைக் கையுறை, நம் அண்ணாச்சியைப் பார்த்து, “நீதானே இவன் ஆசிரியன்? நீ போடு” என்றது.

அண்ணாச்சி என்ன செய்தார்? இந்தியாவின் மானத்தைக் காத்தார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவரே என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். “நான் பேனாவ எடுத்துட்டேன் மக்கா. மேலதிகாரி சொன்னா போட்டுத்தான் எனக்குப் பழக்கம். அந்தப் பய படிவத்து மேல கைய விரிச்சு வச்சு மூடிட்டான். 'சார், நீங்கதானே சொல்லித் தந்தீங்க, வெடிச்ச போல்டுக்குக் கையெழுத்து கிடையாதுன்னு'ன்னான். எடுத்த பேனாவ அப்படியே பையில வச்சிட்டேன்.”

அப்புறம் என்ன ஆயிற்று? இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றது வெள்ளைக் கையுறை. புது போல்ட் வந்தது. குவாபெனா போட்டான், முடுக்கினான், கையெழுத்திட்டான். விமானம் போனது. விருந்து ஆறிப்போனது. அவ்வளவுதான்! அவனை எந்த விமானத்திலும் ஏற்றி எந்த ஊருக்கும் அனுப்பவில்லை. “எனக்கு உத்தரவு போடத் தெரியும், போல்ட் பார்க்கத் தெரியாது” என்று அந்தப் பெரிய அதிகாரி சொல்லிவிட்டுப் போனாராம். இதுதான் ஐயா தலைமை அமைப்பு! உச்சியிலிருந்து வரும் உத்தரவைத் தடுத்து நிறுத்த, அடியில் ஒரு மேசை, ஒரு பேனா, ஒரு கை.

மணி அடிக்கிறார் செயலாளர். தலைப்பை விட்டு நகர்ந்துவிட்டேனாம். ஐயா, நான் இன்னும் அக்ராவில்தான் நிற்கிறேன்! நகர்ந்து வந்திருப்பது நீங்கள்.

சரி, என்னைப் பற்றிப் பேசலாமா? அது சைட் விஷயம் ஆகாதே? என் ஸ்டோரில் ஒரு புது இரும்புக் கயிறு, உருளையோடு, ஆறு வாரமாகக் கிடக்கிறது. கார்மேகம் அண்ணன் மூன்று முறை வந்து கேட்டார். “தம்பி, ரோப்பக் குடுப்பா, இழை பிஞ்சு கையக் கிழிக்குது.” நான் என்ன சொன்னேன்? “சாமான் கேக்குற இண்டன்ட் சீட்டுல கையெழுத்து இல்லண்ணே. கையெழுத்து இல்லாம ஒரு நட்டுகூட வெளிய போகாது.” நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அந்தக் கயிறு ஸ்டோரை விட்டு வெளியே வர மூன்று பேர் கையெழுத்து வேண்டும். எட்டு மனிதர்கள் பிய்ந்த கயிற்றில் ஏழு மாடி ஏற யார் கையெழுத்தும் வேண்டாம்! ஃபோர்மேன் “யல்லா யல்லா, ஜல்தி” என்று விரட்டினால் போதும். அண்ணாச்சியாவது பேனாவை எடுத்ததோடு நின்றார். நான் ஆறு வாரம் நின்றேன். இந்த மேடையில் குற்றவாளிக் கூண்டு இருந்தால் முதலில் நான் ஏறுகிறேன்.

போதும், கை தட்டாதீர்கள். இது தட்டுகிற இடமில்லை.

தலைவர் அவர்களே, நீங்கள் நல்லவர். என் அம்மா இறந்தபோது அன்றே லீவு கொடுத்தவர் நீங்கள். ஃபோர்மேன் எழுதிய காகிதத்தைப் படித்தீர்கள். 'கீழ்ப்படியாமை' என்றிருந்தது. கயிற்றை யாரும் உங்களிடம் காட்டவில்லை. இதோ, நான் ஒரு காகிதம் எழுதி வந்திருக்கிறேன். இரண்டு வரிதான். 'இந்த ஹாயிஸ்டின் கயிறு நல்ல நிலையில் இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு ஆட்கள் ஏறலாம்.' கீழே கோடு போட்டிருக்கிறேன். கையெழுத்திடுங்கள். இட்டுவிட்டால் கார்மேகம் அண்ணன் பொய்யர். நாளை மாலை அவர் பெட்டியை நானே ஏர்போர்ட்டுக்குச் சுமக்கிறேன். இட முடியாது என்றால், செவ்வாய்க்கிழமை அவர் செய்ததைத்தான் இன்று நீங்களும் செய்கிறீர்கள்!

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். முன்வரிசையிலிருந்து அவர் துணைவியார் வசந்தகுமாரி அம்மா ஏதோ சொல்கிறார்கள். சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும்.

“என்னங்க, தெரியாததுல எப்படிங்க கையெழுத்துப் போடுவீங்க? அந்தாளைத்தான் ஒரு வார்த்தை கேளுங்களேன்!”

கேட்கிறார்! தலைவர் கேட்கிறார்! கார்மேகம் அண்ணே, கூச்சப்படாமல் முன்னால் வாருங்கள். வழி விடுங்கள் அப்பா. ‘எவ்வளவு பிய்ந்திருக்கிறது’ என்று ஐயா கேட்கிறார். நான்கு நாளில் உங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது.

“ஒரு சாண் நீளத்துக்குள்ள பதினாலு கம்பி அத்துருக்கு சார். கையால தடவி எண்ணுனேன். டிக்கெட்ட நீங்க என்ன வேணா செய்யுங்க. ரோப்ப மாத்தாம நாளைக்கு எவனையும் ஏத்திராதிய.”

கேட்டீர்களா? தனக்காக ஒரு சொல் இல்லை. நான் தயாரித்து வந்த அடுக்குமொழி எல்லாம் இந்த மனிதர் முன்னால் வெறும் காற்று.

தலைவர் என் காகிதத்தை மடிக்கிறார். கையெழுத்து இல்லை. அதைத் திருப்பி, பின்பக்கம் ஏதோ எழுதுகிறார். என்னிடம் நீட்டுகிறார். படிக்கிறேன். 'கயிறு மாற்றும் வரை ஹாயிஸ்ட் நிற்கட்டும். கார்மேகத்தின் பயணம் நிறுத்தி வைக்கப்படுகிறது. மற்றது ஞாயிறன்று நேரில்.' தேதி, கையெழுத்து.

நிறுத்தி வைக்கப்படுகிறதாம். ரத்து இல்லை. நாகலிங்கம் அண்ணே, துள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபோர்மேனும் வருவார், அவருக்கு மேலே இருப்பவரும் வருவார், இதே தலைவர் அவர்கள் முன்னால் இதே கையெழுத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அன்று கார்மேகம் அண்ணன் தனியாக அந்த அறைக்குள் போகக் கூடாது. போவாரா? சத்தம் போதவில்லை. தனியாகப் போவாரா? நன்றி. அதுதான் எனக்கு வேண்டும்.

பரிசு எனக்கு வராது என்று செயலாளரின் முகம் சொல்கிறது. தேனீக்குக் கொடுங்கள், அது நன்றாகப் பேசியது. இந்த விசித்திரத் தலைப்பை டின்னில் போட்ட ரகுநாதன் அவர்களுக்கும், வெட்கப்பட்ட கதையை மறைக்காமல் தந்த அண்ணாச்சிக்கும், கேட்க வேண்டியதைக் கேட்ட வசந்தகுமாரி அம்மாவுக்கும், எழுதிக் கொடுத்த தலைவருக்கும், கால் கடுக்க நின்ற தோழர்களுக்கும் என் நன்றி. லாரியில் முதல் நடைக்குப் போகிறவர்களில் நான்கு பேர் மட்டும் ஸ்டோர் வாசலில் இறங்குங்கள். சாவி என்னிடம் இருக்கிறது. கயிற்று உருளை கனமானது, ஒருவனால் உருட்ட முடியாது. வணக்கம்!