முகூர்த்தத்துக்கு முன் போட்ட ஊசி

மாப்பிள்ளை வீட்டுக் குத்தாலத்துக்காரர்கள் பந்தியில் ஒரு குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள், ஐயா. பெண் வீட்டுக்கு அதைவிட நிம்மதி வேறென்ன இருக்கிறது?

கல்யாணத்தன்றே பெண் செத்துப்போனதால் கோட்டாட்சியர் என்ற முறையில் நீங்கள் மாப்பிள்ளை அரவிந்தனைத்தான் திரும்பத் திரும்ப விசாரிக்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதே நான்தான்.

என் மூத்த மகள் பிரகதீஸ்வரிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. தஞ்சாவூர் டாக்டர் பொறுமையாக விளக்கினார். சாப்பாடு இறங்கியதும் குடலில் ஹார்மோன் சுரந்து கணையத்துக்குச் சொல்லி அனுப்புமாம். கணையம் இன்சுலினை விடுமாம். இவளுக்குக் குடல் ஒழுங்காகத்தான் சொல்லி அனுப்பியது, கேட்கத்தான் அங்கே ஆள் இல்லை. அதனால் ஊசி. ஊசி யார் சொல்லையும் கேட்காது, சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிவிடும் என்றார். எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

மாப்பிள்ளையிடம் சொல்லிவிடலாம் என்று அவள் கெஞ்சினாள். அப்படிச் சொல்லித்தான் நன்னிலத்து வரன் திரும்பிப் போனது என்றேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

அன்று காலை மண்டபத்து அறையில் தாழ்போட்டுக்கொண்டு வழக்கமான ஊசியை நானே போட்டேன். இட்லி வந்துவிட்டது. கூடவே மாப்பிள்ளையின் பெரியம்மாவும் வந்து உட்கார்ந்தார்.

"எங்க வழக்கத்துல தாலி ஏறுற வரைக்கும் பொண்ணு எதுவும் சாப்பிடக்கூடாதுங்க. அப்புறம் எங்க வீட்டுல வந்துதான் பால் பழம்."

ஊசி போட்டாயிற்று என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சரிங்க என்றேன். இட்லித் தட்டை நானே வெளியே கொண்டுபோய் வைத்தேன்.

மணவறையில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. துடைத்துவிடக் குனிந்தேன்.

"அம்மா, கை நடுங்குது. குளுக்கோஸ் குடும்மா."

பொட்டலம் என் கைப்பையில்தான் இருந்தது. வீடியோக்காரர் எங்களையே எடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்துக்கடி என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், வீடியோவில் இருக்கும்.

தாலி ஏறியது. நல்ல நேரத்துக்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று உடனே காரில் ஏற்றினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். வழியில் அவள் மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்துவிட்டாள்.

"அத்தை, எழுப்புனா எழுந்திருக்க மாட்டேங்குறா. உடம்புக்கு ஏதாவது இருக்கா? சொல்லுங்க."

நல்ல பிள்ளை, கேட்கத்தான் செய்தார். எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்காக அல்ல, அவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று. ராத்திரியெல்லாம் தூங்கவில்லை, தூங்கட்டும் மாப்பிள்ளை என்றேன். கைப்பை என் மடியில் இருந்தது. அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டேன்.

அவர்கள் வீட்டில் வாயில் ஊட்டிய பால் அப்படியே வழிந்தது. பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

நான்தான் அவளைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சர்க்கரை இருந்தது என்று மட்டும் எழுத வேண்டாம், ஐயா. சின்னவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.