வரிசை தாண்டாத விமானம்

கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் சிதம்பரம் பஸ் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது. எல்லோரும் ஏறிய பிறகு ஏறி, சிதம்பரம் வரை நின்றுகொண்டே கல்லூரிக்குப் போனவன் நான்.

வேலையும் அதற்கேற்ற மாதிரி அமைந்தது. நெரிசலான ஒரு விமான நிலையத்தில், வரும் விமானங்களை வரிசைப்படுத்தி இறக்குவது என் பொறுப்பு. ஒன்றை முன்னால் விட்டால் மற்றவை வானத்தில் வட்டமடிக்க வேண்டும். விமானி வாய்விட்டு ‘எமர்ஜென்சி’ என்று சொன்னால்தான் வரிசை தாண்டலாம். பிறகு விளக்கம் எழுத வேண்டுமே என்று இளம் விமானிகள் தயங்குவார்கள். அப்போது ‘எமர்ஜென்சியா?’ என்று நாங்களே எடுத்துக்கொடுப்பது வழக்கம். கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். தாமதத்தைக் குறைக்க நான் சொன்ன யோசனை சின்னது: கேட்காமல் இருப்போம். சோதனையாக ஒரு மாதம் ஒப்புக்கொண்டார்கள்.

என் மனைவி இளமதி சிதம்பரத்துப் பெண். அன்று இதைச் சொன்னதும் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“நம்ம வூட்டு ஆளு மேல சுத்திக்கினு இருந்தா?”

“சுத்தட்டும்.”

“நானே இருந்தா?”

“நீயும் வரிசைலதான் வரணும்.”

“பஸ்ல ஒரு சீட்டு புடிக்கத் தெரியாது, ஏரோப்ளேனுக்கு ரூல் போடுறாராம்.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் என்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தாள்.

மாதக் கடைசியில் புனேயில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினாள். அவள் வந்த விமானம் என் வரிசையில் கடைசியாக இருந்தது. விமானியின் குரல் இளசு. பெண் பயணி ஒருவருக்கு மூச்சுத்திணறல், சீக்கிரம் இறங்க முடியுமா என்றான். இளமதிக்கு ஆஸ்துமா உண்டு. வரிசையிலேயே இருக்கச் சொன்னேன். சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டான். அந்த வார்த்தையை அவன் சொல்லவில்லை. நானும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவள் இறங்கி வந்ததும் இதைச் சொல்லி, இந்த முறை நான் சிரிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். மூச்சு இல்லை.

விசாரணையில் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு, விதிப்படி தவறில்லை என்றார்கள். மனைவியை இழந்தவன் என்று அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. சிதம்பரத்தில் காரியத்தன்று அவள் தம்பி ஜெயப்பிரகாஷ் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மாமா, அக்கா அந்த ஃப்ளைட்லதான் வருதுன்னு தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியும்.”

“மூச்சு முட்டுனது அக்காதான்னு?”

“தெரியும்டா.”

எழுந்து கொல்லைப்பக்கம் போனான். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

தெரிந்துதான் செய்தேன். வேறொரு பெண்ணாக இருந்திருந்தால் மனம் கேட்காமல் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருப்பேன். அன்றைக்கு ஒரு விமானமும் வரிசை தாண்டவில்லை. அந்த மாதத்திலேயே தாமதம் குறைந்த நாள் அதுதான். இதை இளமதியிடம் சொல்ல முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்.