எங்கள் முக்கிய வசிப்பிடம்

— கையெழுத்துதானேடி கேக்கறேன், கோமளம், உன் சொத்தையா எழுதிக் குடுன்னு கேக்கறேன்? உன் பேருக்கு நேரா ஒண்ணு போட்டுட்டேன்னா நான் இப்பவே தபாலாபீஸுக்குக் கிளம்பிடுவேன். ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள அமெரிக்காவுக்குப் போய்ச் சேரணும்.

— படிக்காம போட மாட்டேன். ஃபீனிக்ஸ்ல பதினோரு வருஷம் லைப்ரரியில வேலை பார்த்தவ நான். எந்தக் காகிதத்தைக் குடுத்தாலும் படிச்சுத் தொலைக்கற வியாதி.

— இதுல படிக்கறதுக்கு என்ன இருக்கு? எழுபத்தெட்டாம் வருஷத்து வரிக் கணக்கு. ஃபீனிக்ஸ் வீட்டுக் கூரை மேல போன வருஷம் வெயில்ல ஜலம் காயற தகடு வச்சோமோல்லியோ? அப்படி வச்சவாளுக்கு அந்த ஊர் சர்க்கார் வரியில கழிச்சுக் குடுக்கறதாம். புதுச் சட்டம். வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கறதால ரெண்டு கையெழுத்து. இவ்ளோதான் விஷயம்.

— அம்மா, இந்தக் கொடத்த எங்க வெக்கிறது? உள்ள தவல ரொம்பிப் போச்சு.

— அந்தச் சுவரோரமா வை, புஷ்பம். சிந்தாம வை.

— இன்னாமா சொல்றாரு ஐயா? வெயிலுக்குக் காசு குடுக்குதா கவர்மெண்டு?

— வெயிலுக்கு இல்லை, புஷ்பம். வெயிலை உபயோகப்படுத்திக்கறவாளுக்கு.

— அத்தத்தான நொச்சிக்குப்பத்துல நாங்க தெனிக்கும் பண்ணிக்கினு கீறோம்? மணல்ல கருவாட்டக் காயப் போட்டுக்கினு, காக்காயத் தொரத்திக்கினு. ஒரு பைசா குடுத்தானா எவனாச்சும்?

— நீ போய்க் குழாயைப் பாரு, போ.

— கொழா எங்க கீது பாக்க? நின்னு பூட்ச்சு. அடிச்சு அடிச்சு கைதான் உட்டுப் போச்சு.

— கேட்டேளா? மயிலாப்பூர்ல நமக்குக் குளிக்க நாலு குடம் ஜலம். ஃபீனிக்ஸ்ல நம்ம குடித்தனக்காரன் நம்ம செலவுல வெந்நீர்ல முங்கிக் குளிக்கறான்.

— அதுக்குத்தான் வாடகை தரானே! நீ போடு கையெழுத்தை.

— இருங்கோ. 'தகடு வைத்த வீடுதான் உங்கள் முக்கிய வசிப்பிடமா?'ன்னு கேட்டிருக்கு. நீங்க பாட்டுக்கு 'ஆமாம்'னு எழுதியிருக்கேள்?

— குடியிருக்கற வீட்டுக்குத்தான் குடுப்பாளாம், வாடகைக்கு விட்டதுக்குக் கிடையாதாம். டெக்னிக்கலாப் பார்த்தா நம்ம சொந்த வீடு அதுதானேடி? இந்த வீடு அம்மா பேர்லன்னா இருக்கு?

— அம்மா போய் ஒண்ணரை வருஷமாச்சு.

— இன்னும் பேர் மாத்தலையே.

— நன்னாயிருக்கு! அடுத்த காகிதத்துல அதே வீட்டுக்குப் பன்னிரண்டு மாச வாடகையும் வந்ததுன்னு எழுதியிருக்கேள். அங்க உக்காந்து படிக்கறவன், நாமளும் குடித்தனக்காரனும் ஒரே பாத்ரூம் வாசல்ல துண்டோட நிக்கறோம்னு நினைச்சுக்கப் போறான்.

— அதை வேற குமாஸ்தா பார்ப்பான், இதை வேற குமாஸ்தா பார்ப்பான்.

— ரெண்டையும் ஒரே கவர்லன்னா வச்சிருக்கேள்?

— ஐயா சரியா மாட்டிக்கினாரும்மா!

— புஷ்பம், நீ பாத்திரத்தைத் தேய்.

— தேச்சிக்கினுதான் கீறேன், சாமி. காது சும்மாதான கீது.

— போன ஞாயித்துக்கிழமை சங்கீத சபாவுல மைக்கைப் பிடிச்சுண்டு என்ன சொன்னேள்? 'காரியதரிசியா இருந்தாலும் இல்லேன்னாலும் என் கடைசி மூச்சு மயிலாப்பூர்லதான்'னேள். முன் வரிசையில உக்காந்து நானும் கேட்டுண்டுதானே இருந்தேன்?

— அது சபாவுக்குச் சொன்னதுடி.

— இது சர்க்காருக்குச் சொன்னது. எனக்குச் சொன்னது என்னாச்சு?

— உனக்கு என்ன சொன்னேன்?

— அம்மாவைப் பார்த்துக்கணும், ரெண்டே வருஷம், அப்புறம் திரும்பிடலாம்னேள். நம்பி வேலையை விட்டுட்டு வந்தேன். நாலு வருஷமாச்சு. அம்மாவோட வருஷாப்திகம் ஆகட்டும்னேள். ஆச்சு. மார்கழிக் கச்சேரியெல்லாம் முடியட்டும்னேள். முடிஞ்சது. எனக்கு அந்த வீடு வேணும். அந்த லைப்ரரி வேணும், என் கையில என் சம்பளம் வேணும். சிரிக்காதேங்கோ, வாயைத் திறந்து கேக்கறேன், வேணும்.

— போகலாம்டி, யார் வேண்டாம்னா? இந்த வருஷம் சபாவுக்கு வெள்ளி விழா. நடுவுல விட்டுட்டு ஓடினா நாலு பேர் சிரிக்க மாட்டாளா?

— அப்போ 'இல்லை'ன்னு எழுதுங்கோ.

— இல்லைன்னா பணம் வராதே!

— ஆமாம்னா பொய்யாச்சே!

— அசடு மாதிரி பேசாதே. யார் பிளேன் ஏறி வந்து, நீ எந்த ஊர் சமையல் ரூம்ல காபி கலக்கறேன்னு எட்டிப் பார்க்கப் போறா?

— சரி. பேனாவைக் குடுங்கோ.

— நிஜமாவா?

— குடுங்கோன்னா. இந்தாங்கோ, போட்டாச்சு.

— இதை முதல்லயே பண்ணியிருந்தா காலங்கார்த்தால இவ்ளோ பேச்சு உண்டா? புஷ்பம், மாடத்துல என் மூக்குக் கண்ணாடி இருக்கா பாரு. ஆமா கோமளம், அந்தக் குடித்தனக்காரன் மே மாசத்தோட காலி பண்றேன்னு கடுதாசி போட்டிருக்கான். வெந்நீர் வசதியெல்லாம் பண்ணிக் குடுத்தும் ஏன் போறான்னு புரியலை. வேற ஆள் பார்க்கச் சொல்லி புரோக்கருக்கும் ஒரு வரி எழுதிப் போட்டுடறேன்.

— வேண்டாம். நான்தான் காலி பண்ணச் சொல்லி எழுதினேன்.

— என்னது?

— லைப்ரரியில என் பழைய வேலையைத் தரேன்னு பதில் எழுதியிருக்கா. என் வளையல் ரெண்டை வித்து எனக்கு ஒரு டிக்கெட் எடுத்தாச்சு, ஜூன் அஞ்சாம் தேதிக்கு. என்னோட அமெரிக்க பாஸ்போர்ட் பீரோவுல பத்திரமா இருக்கு.

— கோமளம்...

— என் பேருக்கு நேரா நான் போட்டது சத்தியமான கையெழுத்து. தபாலாபீஸ் போறதுக்கு முன்னாடி, உங்க பேருக்கு நேரா நீங்க போட்டதை மட்டும் ஒரு தரம் யோசிச்சுப் பாருங்கோ.