பெரிய அணிலின் மேல் விழுந்த பழி

முதலில் ஒரு சின்ன விஷயம், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற செவ்வரத்தைக்குத் தண்ணீர் போதாது. இலையெல்லாம் சுருண்டுபோய்க் கிடக்கிறது. காலையில் ஒரு வாளி ஊற்றச் சொல்லுங்கள், பாத்தி கட்டி ஊற்றினால் இன்னும் நல்லது. வந்த காரியத்தை விட்டுவிட்டுச் செடியைப் பற்றிக் கதைக்கிறானே என்று நினைக்காதீர்கள். தோட்டம் வைத்திருக்கிறவன் புத்தி அப்படித்தான்.

நான் வந்தது எங்கள் ஊர் அணில் விஷயமாக. நாளைக் காலை ஊர் அதிகாரி விதானையார் துவக்கோடு வந்து அதைச் சுடப்போகிறாராம். ஊரே கூடி எடுத்த முடிவு. வாயில்லாச் சீவன் மேல் வீண்பழி போட்டுக் கொல்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் சைவன். மலாயாவில் இருந்த காலத்தில்கூட மச்சமாமிசம் தொட்டதில்லை.

என் பெயர் தம்பிஐயா. கோலாலம்பூரில் ரயில்வேயில் டிக்கட் கொடுத்துவிட்டுப் பென்சனோடு நீர்வேலிக்குத் திரும்பியவன். மனைவி அங்கேயே காலமாகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. அத்தனை வருஷமும் மனிதர்கள் என்னை ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார்கள், அதுவும் கையை மட்டும். இங்கே வந்த பிறகும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அந்த அணில் போன பங்குனியில் வந்தது. வன்னிக் காட்டிலிருந்து பாலைமரக் குற்றி ஏற்றிக்கொண்டு வந்த வண்டிலில் ஒளிந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் பக்கத்து அணில் கைக்குள் அடங்கிவிடும். இது ஒரு பூனையளவு, வாலைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். சாம்பல் நிற மயிர், கோர்ட்டுக்குப் போகிற பிரக்கிராசியாரைப் போல ஒரு மிடுக்கு. முதல் நாள் என் கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, ஒரு பிஞ்சை இரண்டு கைகளாலும் உருட்டி உருட்டிக் கடித்தது. கடித்துவிட்டுப் புளிப்புத் தாங்காமல் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தது. நான் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி சிரித்தேன். மனைவி போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு என் காலைப்பொழுது முழுவதும் அதற்குத்தான். கிணற்றடிப் பூவரசால் வரும், மாமரத்துக்குத் தாவும், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். உள்ளங்கையில் பலாக்கொட்டையை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கிட்டத்தில் வரும், பிறகு பயந்து ஓடிவிடும். நான் யாருக்காகவும் அப்படிக் காத்திருந்தவன் அல்ல. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது, ஐயா. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்த வளவு ஆழ்வாப்பிள்ளையுடையது. அவன் மனைவியின் தம்பி பரமலிங்கமும் அவர்களோடுதான் இருந்தான். ஆவணியில் கலியாணம் பேசியிருந்த பையன், எந்நேரமும் சிரித்த முகம். வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அண்ணை, அணிலார் இண்டைக்கு எழும்பியிட்டாரோ?" என்று கேட்பான். தான் பொறுக்கிய விளாம்பழத்தை அதற்கென்று உடைத்துக் கொண்டுவந்து தருவான். நல்ல பையன்.

ஆழ்வாப்பிள்ளை வாழைத் தோட்டக்காரன். ஒரு நாள் மத்தியானம் படலையைத் திறந்துகொண்டு வந்தான்.

"அண்ணை, குறை நினைக்கக் கூடாது. உந்த அணில் என்ரை இதரை வாழைக் குலையளை எல்லாம் கோதிப்போட்டுது. சந்தைக்குக் கொண்டுபோக ஒரு சீப்பு மிச்சமில்லை."

"அது பசிக்குத்தானே தின்னுது" என்றேன்.

"ஓம், எனக்கும் அதைக் கொல்ல மனமில்லை. பொறிக்கூடு ஒண்டு செய்விச்சு வைச்சிருக்கிறன். நாளைக்குக் கிணத்திலை என்ரை முறை. இறைப்பு முடிய வந்து உங்கடை மாமரத்திலை கட்டிவிடுறன். பிடிச்சு வன்னிக்குப் போற வண்டிலிலை ஏத்திவிட்டால் அதுவும் தன்ரை இனத்தோடை போய்ச் சேர்ந்திடும்."

நியாயமான பேச்சு. ஆழ்வாப்பிள்ளை எப்போதும் நியாயமாகத்தான் பேசுவான், அவனோடு உள்ள கரைச்சலே அதுதான். அநியாயம் பேசுகிறவனோடு சண்டை பிடிக்கலாம். நியாயம் பேசுகிறவனை என்ன செய்வது? வெற்றிலை கொடுத்து அனுப்பிவிட்டு யோசித்துப் பார்த்தேன். ஒரு வழிதான் தெரிந்தது.

நீங்கள் கொழும்புப் பக்கம் இருந்து வந்தவர், அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். எங்கள் இரண்டு வளவுக்கும் பொதுவாக ஒரு பங்குக் கிணறு. ஒரு நாள் எனக்கு முறை, மறுநாள் அவனுக்கு. ஆடுகால் என்று இரண்டு மரங்கள் உயரமாக நிற்கும், அவற்றுக்கு நடுவே குறுக்காக ஒரு அச்சு, அதன் மேல் ஒரு நீளமான துலா. ஒருவன் அந்தத் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பான். கிணற்றுப் பக்கம் நடந்தால் தண்ணீர் அள்ளுகிற பட்டை கிணற்றுக்குள் இறங்கும், திரும்பி நடந்தால் மேலே வரும். கீழே நிற்கிறவன் அதைப் பிடித்துக் கவிழ்ப்பான். மேலே நடக்கிறவனுடைய உயிர், துலாவை அச்சோடு பிணைத்திருக்கிற கயிற்றில் இருக்கிறது. ஆழ்வாப்பிள்ளை கூலியாளைப் பட்டை பிடிக்க விடுவான், துலா மிதிக்க மட்டும் விடமாட்டான். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

அன்றைக்கு என் முறை. ஆட்கள் இறைத்துவிட்டுப் போனபின், பின்னேரம் ஏணியை வைத்து ஏறினேன். வில்லுக்கத்தியால் கயிற்றின் உட்பக்கத்தை அறுத்தேன். வெட்டின மாதிரித் தெரியாமல் இருக்க நுனிகளை நார் நாராக உரித்துவிட்டேன். பழைய கயிறு தேய்ந்து அறுந்துபோயிற்று என்று சொல்லுவார்கள், யார் மேலும் குற்றம் வராது என்று நினைத்தேன். வீணாக யாரும் சங்கடப்படக் கூடாது பாருங்கள். அணில் கூடு கட்டத் தும்பு உரிக்கும் என்பது அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இந்த முழுக் காரியத்திலும் நான் விட்ட பிழை அதுதான்.

விடியற்காலையில் சண்டிலிப்பாயில் இருந்து ஆள் வந்தது. ஆழ்வாப்பிள்ளையின் பெரியப்பா இறந்துபோனார். இழவு சொன்னால் போகாமல் இருக்க முடியாது, துடக்கும் வந்துவிட்டது, அந்தத் தீட்டோடு கிணற்றில் இறைக்கவும் கூடாது. முறையை விட்டால் வாழை வாடிவிடும். பரமலிங்கம் ஆழ்வாப்பிள்ளையின் மனைவி பக்கத்து ஆள், அவனுக்குத் துடக்கு இல்லை. "நான் மிதிக்கிறன், நீங்கள் போயிட்டு வாங்கோ அத்தான்" என்று சொல்லி அவனே ஏறிவிட்டான். எங்கள் கிணறுகள் கல்லில் வெட்டியவை. தூக்கி எடுத்தபோது மூச்சு இருக்கவில்லை.

ஊரார் அறுந்த கயிற்றைத் தூக்கிப் பார்த்தார்கள். நார் நாராகக் கிடந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் என் மாமரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஏதோ சொல்லப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை.

செத்தவீட்டுக்குப் போனேன். ஆழ்வாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வரவேண்டியது அண்ணை, அவனுக்கு வந்திட்டுது" என்று அழுதான்.

"ஓம் ஆழ்வாப்பிள்ளை, நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றேன். நான் பொய் சொல்லுகிறவன் அல்ல.

இவ்வளவும் எழுதிக்கொண்டீர்கள் என்றால், தயவுசெய்து இப்போதே விதானையாருக்கு ஆள் அனுப்புங்கள். அவர் விடியமுன்னரே புறப்பட்டுவிடுவார். என்னை என்ன செய்வது என்பதைப் பிறகு ஆற அமரப் பார்க்கலாம்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. அன்று காலை பரமலிங்கம் துலாவில் ஏறியது எனக்குத் தெரியுமா என்றுதானே? தெரியும். சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்தால் துலா நேரே தெரியும். அவன் ஏறியதும் எழும்பத்தான் நினைத்தேன். "இறங்கு" என்று ஒரு சொல் போதும், அந்தத் தூரத்துக்கு நன்றாகக் கேட்கும். அந்த நேரம் பார்த்து அணில் மரத்தை விட்டு இறங்கி வந்தது. கதிரைச் சட்டத்தில் ஏறி, முதல் தடவையாக என் மணிக்கட்டில் கையை வைத்தது. சின்னக் கை, ஐயா, ஈரமாக இருந்தது. மேலே இருந்து பரமலிங்கமும் அதைக் கண்டுவிட்டான். அவனுக்கும் சந்தோஷம். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணை, அசையாதேங்கோ, சத்தம் போடாதேங்கோ, பயந்திடுவார்" என்றான். சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கமாக நடந்தான்.

அவன் சொன்னபடியே நான் அசையவில்லை.