பந்தைப் பார்க்காதீங்க சார்

— நிறுத்து, நிறுத்து! வீடியோவை அங்கேயே நிறுத்து லோஷினி. இங்க பாரு. கோல் கம்பம் ஆறடி தூரத்துல இருக்கு. கோல் காக்கிற எதிர் டீம் கோலி தரையில விழுந்து கிடக்கிறா. பிரவீனா காலுல பந்து. என் மூணு வயசுப் பேத்திகூட அடிச்சிடுவா. இவ என்ன பண்றா?

— பக்கத்துல தேன்மொழிக்குத் தட்டிவிடுறா சார்.

— தேன்மொழியைச் சுத்தி மூணு பேரு நிக்கிறாளுங்க! அலமாக்! பத்துக்கு ரெண்டு. பிரவீனாவுக்கு ரெண்டு மார்க். எழுதிக்கோ.

— ஒரு நிமிஷம் சார். இன்னும் ரெண்டு மேட்ச் வீடியோ பாக்கி இருக்கு.

— மணி என்ன?

— மூணே கால்.

— அஞ்சு மணிக்கு காலேஜ் டைரக்டர் மேசையில ரிப்போர்ட் இருக்கணும். முன்வரிசை மூணு பேருல யாரை டீமை விட்டு எடுக்கணும்னு நாம சொல்லலைன்னா அவரே ஒரு பேரை அடிச்சிடுவாராம். காலையில மூஞ்சியில அடிச்ச மாதிரி சொன்னாரு. "ராஜசேகரன், அஞ்சு மேட்ச்ல ஒரே ஒரு கோல். உங்க பொண்ணுங்க எதுக்குப் பாடாங் திடல்ல ஓடுறாங்க, உடம்பு இளைக்கவா?"ன்னு கேட்டாரு. அதுவும் போர்டு மீட்டிங்ல, எல்லார் முன்னாலயும்.

— அந்த ஒரு கோலும் நாம அடிச்சது இல்ல சார். எதிர் டீம் பொண்ணோட முட்டியில பட்டு உள்ள போனது.

— அதை ரிப்போர்ட்டுல எழுதிடாதே மா.

— எழுதல.

— நாளைக்குச் சாயங்காலம் கடைசி மேட்ச். தோத்தா ரெண்டாம் பிரிவுக்கு இறங்கிடுவோம். இறங்கினா பெண்கள் டீமே வேணாம்னு சொல்லிடுவாங்க. ராத்திரியெல்லாம் இதேதான் மண்டைக்குள்ள ஓடுது. தூக்கமே இல்ல. சரி, தேன்மொழிக்கு அஞ்சு போடு. வலது பக்கம் நல்லா ஓடுறா, ஆனா பந்தை உள்ள அனுப்பத் தெரியல. மீனலோசனிக்கு அஞ்சரை.

— அரை எதுக்கு சார்?

— அவ மட்டும்தான் நான் சொல்றதைக் கேட்டுத் தலையாட்டுறா. ஆக, எடுக்க வேண்டியது பிரவீனாதான். முடிச்சிடுவோம் லா.

— சார், பிரவீனா விளையாட்டு கோட்டா இடத்துல காலேஜுக்கு வந்த பொண்ணு. டீமை விட்டு எடுத்தா அடுத்த செமஸ்டர் ஹாஸ்டல் கிடையாது. அவ வீடு பண்டார் தெங்காரா. அங்கயிருந்து உலு திராம்ல இருக்கிற நம்ம காலேஜுக்குத் தினமும் எப்படி வந்து போவா? பஸ்ஸே ஒழுங்கா கிடையாது. அம்மா மட்டும்தான் வேலைக்குப் போறாங்க. படிப்பையே விட்டுடுவா சார்.

— எனக்குத் தெரியாதா? அவளை அந்த இடத்துல சேர்த்ததே நான்தானே! போன வருஷம் எத்தனை கோல் அடிச்சா?

— ஒன்பது.

— ஒன்பது! இந்த வருஷம்?

— ஒன்னுமில்ல.

— அதான். எனக்கும் வயிறு எரியுது. ஆனா மனசைப் பார்த்து மார்க் போட முடியுமா?

— நான் மனசைப் பார்த்துச் சொல்லல சார். எண்ணிப் பார்த்துச் சொல்றேன். மூணு நாளா இந்த வீடியோவைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். முதல் மேட்ச், குளுவாங்ல நடந்தது. அதுல பிரவீனாவுக்கு நாலு சான்ஸ். நாலும் அடிச்சா. ஒன்னு கம்பத்துல பட்டுச்சு, மூணை கோலி பிடிச்சா.

— சரி.

— அதுக்குப் பிறகு நாலு மேட்ச். பதினாலு சான்ஸ். அடிச்சது மூணு. மத்த பதினொன்னையும் யாருக்காவது தட்டிவிட்டுட்டா.

— அதைத்தானே நானும் சொல்றேன். பயந்துட்டா.

— ஆமா சார். ஆனா எதைப் பார்த்துப் பயந்தான்னு பார்க்கணும். இப்ப மறுபடியும் போடுறேன். இந்தத் தடவை பந்தைப் பார்க்காதீங்க சார். அவ கழுத்தைப் பாருங்க.

— கழுத்தையா?

— கழுத்தைத்தான். பந்து கால்ல வருது... இப்ப.

— இடது பக்கம் திரும்புறா.

— சரி. இது ரெண்டாவது பாதி. நம்ம பொண்ணுங்க பக்கம் மாறிட்டாங்க. பந்து வருது... இப்ப.

— வலது பக்கம் திரும்புறா. யாரைத் தேடுறா? தேன்மொழியையா?

— தேன்மொழி அவளுக்கு எதிர்லயே நிக்கிறா சார். பதினாலு சான்ஸ்லயும் ஒரே இடத்தைத்தான் பார்க்கிறா. முதல் மேட்ச்ல ஒரு தடவைகூடத் திரும்பல.

— அந்த இடத்துல என்ன இருக்கு?

— நம்ம பெஞ்சு.

— பெஞ்சுல?

— நீங்க இருக்கீங்க சார்.

— நானா?

— கோவப்படாதீங்க. என் கான்ட்ராக்ட் ஜூன்ல முடியுது. இதைச் சொல்லலாமா வேணாமான்னு மூணு நாளா தவிக்கிறேன். இன்னைக்கு நீங்க அவ பேரை எழுதச் சொன்ன பிறகு சொல்லாம இருக்க முடியல.

— என்னைப் பார்த்துப் பயப்படுறான்னு சொல்ற.

— போன மாசம் நீங்க மலாக்காவுக்குக் கோர்ஸ் போயிருந்த ரெண்டு நாள் பயிற்சியை நான்தான் பார்த்துக்கிட்டேன். அந்த ரெண்டு நாள்ல அவ ஆறு கோல் அடிச்சா.

— அது பயிற்சி! சும்மா அவளுங்களுக்குள்ளயே ஆடுறது. மேட்ச் வேற லா.

— சரி சார்.

— நான் கத்துறது அவளுங்க நல்லதுக்குத்தான். இருபத்திரண்டு வருஷமா கத்துறேன். கத்தாத கோச் எங்க இருக்கான், சொல்லு. கொஞ்சம் குரலை ஏத்திச் சொன்னா அது கத்தலா? அது சரி, இந்த வீடியோவுல சத்தமே வரல? ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா?

— இல்ல சார். நான்தான் அடைச்சு வச்சேன்.

— ஏன்?

— கேமரா நம்ம பெஞ்சுக்குப் பின்னால இருந்துச்சு சார். அதான்.

— திற.

— வேணாம் சார்.

— திற லோஷினி.

— சரி. வைக்கிறேன். அந்த ஆறடி சான்ஸ்தான். கேளுங்க.

— "ஏய் பிரவீனா! காலு எதுக்குடி உனக்கு? சோறு தின்னுட்டு மாடு மாதிரி நிக்கிறியே! வெட்டிப் போடு அந்தக் காலை! உன்னைக் கூட்டிக்கிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

— போதுமா சார்?

— இது... முழுக்க இப்படித்தானா?

— தொண்ணூறு நிமிஷமும்.

— அணைச்சிடு.

— அணைச்சிட்டேன்.

— என் குரல் மாதிரியே இல்லையே.

— தண்ணி குடிங்க சார்.

— குளுவாங்ல தோத்த அன்னைக்கு பஸ் பக்கத்துல நிக்க வச்சு எல்லாரையும் திட்டினேன். அவளைத்தான் அதிகமா. கம்பத்துல அடிச்சான்னு. அதுல இருந்துதானா?

— நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ரெண்டாவது மேட்ச்ல இருந்துதான் திரும்ப ஆரம்பிச்சிருக்கா.

— என் பொண்ணுகூட ஒரு தடவை சொன்னா. "அப்பா, வீட்டுலயாவது மெதுவாப் பேசுங்க"ன்னு. அப்ப எனக்கு ஏறல. அந்த ரிப்போர்ட்டை எடு மா. மார்க்கையெல்லாம் அடிச்சிடு.

— மூணு பேர் மார்க்கையுமா?

— மூணையும். இப்படி எழுது. முன்வரிசை ஆட்டக்காரங்க யாரையும் எடுக்க வேண்டிய அவசியம் இல்ல. கோல் விழாததுக்குக் காரணம் பெஞ்சுல இருந்து வர்ற சத்தம். நாளைக்கு மேட்ச்ல பயிற்சியாளர் பெஞ்சுல உட்கார மாட்டார். துணைப் பயிற்சியாளர் லோஷினி பார்த்துக்குவார். எழுதிட்டியா?

— சார், டைரக்டர் உங்களைச் சும்மா விடமாட்டாரே.

— விடாட்டிப் போறாரு. கையெழுத்துப் போடுறேன், கொடு.

— கதவுல யாரோ தட்டுறாங்க. வாங்க!

— கோச், உள்ள வரலாமா?

— பிரவீனாவா? வா, வா. கையில என்ன அது?

— ஜெர்சி கோச். துவைச்சுட்டேன். என் பேரைத்தான் எழுதப் போறீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்களே சொல்றதுக்குச் சங்கடப்படுவீங்க. அதான் நானே கொடுத்துடலாம்னு வந்தேன்.

— யாரு சொன்னா? அப்படியெல்லாம் ஒன்னுமில்ல. உட்காரு. லோஷினி, அந்த நாற்காலியை இழுத்துப் போடு. பிரவீனா, நான் ஒன்னு சொல்றேன், குறுக்க பேசாம கேளு. வீடியோ பார்த்தோம். நான் கத்துறதைக் கேட்டேன். உன் அப்பா இருந்து அதைக் கேட்டிருந்தா என் சட்டையைப் பிடிச்சிருப்பாரு. தப்பு என் மேலதான். மன்னிச்சிடு.

— ஐயோ கோச், என்ன இது!

— நாளைக்கு நீதான் நடு முன்வரிசை. நீ யாரையும் பார்த்துப் பயப்பட வேணாம். நான் பெஞ்சுலயே இருக்கப் போறதில்ல.

— எங்க இருப்பீங்க?

— திடல் பக்கத்துல இருக்கிற மண்டபத்துக்குப் பின்னால காரை நிறுத்திட்டு உள்ளயே இருப்பேன். கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு. மேட்ச் முடிஞ்ச பிறகு லோஷினி வந்து சொன்னா போதும்.

— தனியாவா?

— தனியாத்தான்.

— வேணாம் கோச்.

— ஏன் லா? உனக்கு நல்லதுக்குத்தானே.

— வேணாம் கோச்! நீங்க பெஞ்சுலயே இருங்க. கத்தினாலும் பரவாயில்ல. தனியா மட்டும் இருக்காதீங்க. மிஸ், நீங்களாவது சொல்லுங்க மிஸ்!

— பிரவீனா, அழாத. ஒரு நிமிஷம் மா. கோச் இல்லைன்னா நீ பயமில்லாம ஆடுவன்னுதான் நாங்க நினைச்சோம். நீ மேட்ச்ல அடிக்கடி அவரைத் திரும்பிப் பார்க்கிறல்ல?

— பார்க்கிறேன் மிஸ்.

— பயத்துலதானே?

— பயத்துலதான். ஆனா... ஒன்னுமில்ல மிஸ். விடுங்க.

— விட முடியாது. சொல்லு.

— குளுவாங்ல தோத்த அன்னைக்கு, கோச் எங்களைத் திட்டி முடிச்சுட்டுப் பஸ்ஸுக்குப் பின்னால போனாரு. என் தண்ணி போத்தல் அங்க இருந்துச்சு. எடுக்கப் போனேன். கோச் டயர்ல சாஞ்சு கீழ உட்கார்ந்திருந்தாரு. வேர்வையில சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. ஒரு கையால நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால நாக்குக்கு அடியில மாத்திரை வச்சாரு. கண்ணை மூடிட்டாரு. அவரு என்னைப் பார்க்கல.

— சார்?

— அது சும்மா வாயுத் தொல்லை.

— வாயுத் தொல்லைக்கு யாராவது நாக்குக்கு அடியில மாத்திரை வைப்பாங்களா? டாக்டர் என்ன சொன்னாரு? என்னைப் பார்த்துச் சொல்லுங்க.

— பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் கொடுத்தாரு. காருலதான் இருக்கு.

— எத்தனை நாளா?

— ரெண்டு மாசமா. மேட்செல்லாம் முடியட்டும்னுதான் மா...

— வீட்டுல தெரியுமா?

— தெரியாது.

— பிரவீனா, உனக்குத் தெரிஞ்சும் ஏன் எங்ககிட்ட யாருகிட்டயும் சொல்லல?

— சொன்னா டைரக்டர் கோச்சை நிறுத்திடுவாருன்னு பயந்தேன் மிஸ். எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தவரு. ஆனா சொல்லாம இருந்ததும் தப்புதான். எங்கப்பாவும் அப்படித்தான் உட்கார்ந்தாரு. எண்ணெய்ப் பனைத் தோட்டத்துல, செம்பனைக் குலை ஏத்துற லோரிக்குப் பக்கத்துல. கொஞ்சம் காத்து வாங்குறேன்னு சொன்னாரு. நாங்களும் சரின்னு விட்டுட்டோம்.

— சார், எழுந்திருங்க. கார் சாவியைக் கொடுங்க.

— இப்பவா? ரிப்போர்ட்டு...

— போற வழியில டைரக்டர் மேசையில வச்சுட்டுப் போறேன். எழுந்திருங்க. ஜே.பி. பெரிய ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். உங்க வீட்டம்மாவுக்கு நான் போன் போடுறேன். பிரவீனா, நீயும் வா, பின்னால அவர் பக்கத்துல உட்காரு.

— சரி மிஸ். கோச், என் தோளைப் பிடிச்சுக்கோங்க.

— இரு மா. எனக்கு இன்னும் ஒன்னு புரியல. நீ பயந்து என் மூஞ்சியைப் பார்த்ததா நான் நினைச்சுக்கிட்டேன். அப்ப நீ எதைத்தான் பார்த்த?

— உங்க கையை கோச். கை கீழ இருந்தா அடிப்பேன். நெஞ்சுல இருந்தா, நான் அடிச்சுத் தப்பிப்போயி உங்களுக்கு ஏதாவது ஆயிடக் கூடாதுன்னு பந்தைத் தட்டிவிட்டுடுவேன். பதினாலு தடவையில மூணு தடவைதான் கை கீழ இருந்துச்சு.